கடைசி ஆள் சாப்பிடும் வரை

வெள்ளியம்பாளையம் பைபாஸில் இருக்கிற ‘தோட்டத்துச் சமையல்’ ஹோட்டலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேரும், சாப்பிட்டு முடித்த பிறகு எழுந்திருக்க முடியாமல் வியாழக்கிழமை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால், ஆமாம், உட்கார்ந்திருந்தார்கள் என்பார்கள். அந்த வாரம் வெயில் எப்படி அடித்தது என்பதையும் அதே குரலில்தான் சொல்வார்கள்.

அந்த ஹோட்டல் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அந்த மூன்று பேருடைய தோட்டம்தான். பைபாஸ் வந்ததும் விற்றார்கள், கரூரிலிருந்து வந்த மோகனசுந்தரம் வாங்கினார், வாங்கியவர் வீட்டை இடித்து, கிணற்றை மூடி, இருந்த தென்னை மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, பார்க்கத் தோட்டம் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக வண்டிச்சக்கரம், லாந்தர் விளக்கு, மண்பானை, பிளாஸ்டிக் தென்னை என்று ஒவ்வொன்றாக வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கிவந்து வைத்தார். சமையல்கட்டு இருந்த இடம் ஏசி ஹால் ஆயிற்று. அந்த ஹாலின் நடுவில் போட்டிருந்த வட்ட மேஜையில்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள், வேறு மேஜை காலியில்லை என்பதைத் தவிர அதற்கு விசேஷமான காரணம் எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பற்றவைக்கிற வீடு குறைவு. சமையலறைக்கு லட்ச லட்சமாய்க் கொட்டி இத்தாலிக் கல் பதித்தவர்கள்தான் முதலில் காரை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்புவார்கள். மூன்று பேரில் மூத்தவர் நாச்சிமுத்து அப்படி ஒரு கல் பதித்தவர், நூல் வியாபாரி, ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் வைக்கிற ஆள். கடைசித் தம்பி குழந்தைவேல் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். நடுவில் பிறந்த வேலாத்தாள் ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அவளுடைய மகள் யாழினிக்கு வருகிற வியாழக்கிழமை காலையில் எங்கள் ஊர் மண்டபத்தில் கல்யாணம். தாய்மாமன்மார்களைத் தட்டு வைத்து முறையாக அழைக்க அவள் வந்தபோது, இந்த வெயிலில் யார் சமைக்கிறது என்று சொல்லி, நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணிதான் எல்லோரையும் ஹோட்டலுக்குக் கூட்டிவந்தாள்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. பாயசக் கிண்ணம் காலியானதும் நாச்சிமுத்து கை கழுவ எழுந்தார். எழுந்தார் என்றால், எழ நினைத்தார், எழுவது வரவில்லை. கால் மரத்துப்போகவில்லை, நாற்காலி ஒட்டிக்கொள்ளவில்லை, இடுப்பில் பிடிப்பு கிடிப்பு ஏதுமில்லை, எழுந்திருப்பது என்கிற ஒன்று மட்டும் அவரிடமிருந்து போய்விட்டிருந்தது, நன்றாகத் தெரிந்த ஒருவருடைய பெயர் சட்டென்று வாயில் வராமல் போகிற மாதிரி.

“வேலாத்தா, எனக்கு எந்திரிக்க வரமாட்டேங்குது” என்றார்.

“எனக்குந்தானுங்கண்ணா” என்றாள் வேலாத்தாள். குழந்தைவேல் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தார், அவருக்கும் எழ வரவில்லை.

“பில்லு வர்ற நேரத்துல மூணு பேரும் நல்லா நடிக்கறீங்க” என்று சொல்லிவிட்டு ருக்குமணி எழுந்துபோய்க் கை கழுவி வந்தாள். அவளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூன்று பேருக்கு மட்டும்தான் எழ வரவில்லை.

பரிமாறுகிறவர்கள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து நாலு பேர் வந்து தூக்கினார்கள். கடைசியில் நாற்காலியை உருவிப் பார்க்கலாம் என்று உருவினார்கள். நாற்காலி வந்தது, நாச்சிமுத்து உட்கார்ந்தபடியே இருந்தார். ஊரில் பெரிய மனிதர் ஒருவர் வெறும் காற்றின்மேல் உட்கார்ந்திருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று நாற்காலியைத் திரும்பவும் அடியில் செருகினார்கள். டாக்டர் வந்து முழங்காலில் தட்டிப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார். கோயில் பூசாரி வந்து திருநீறு போட்டுவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, எழுந்து போனார்.

மற்ற உபாதைகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அது எதுவும் அவர்களுக்கு வரவில்லை. பசியும் எடுக்கவில்லை, வயிறு நிறைந்த மாதிரியும் இல்லை, இலையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கை காயவில்லை, எத்தனை செம்பு தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டாலும் மூன்று பேருடைய வலது கையும் எச்சில் கையாகவே இருந்தது.

திங்கட்கிழமை ஹோட்டல் வழக்கம்போலத் திறந்தது. கூட்டம் முட்டாமல் இருக்க மோகனசுந்தரம் அந்த மேஜையைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார். செவ்வாய்க்கிழமைக்குள் பக்கத்து மேஜைகளுக்கு முன்பதிவு ஆரம்பித்துவிட்டது, தாராபுரத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, சாப்பிட்டபடியே இவர்களைப் பார்த்து, சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறைக்கு இருமுறை எழுந்து உட்கார்ந்து தங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்துகொண்டு போனார்கள். நாச்சிமுத்துவுக்கு முகம் மழிக்க ஆள் இங்கேயே வந்தார், நூல் வியாபாரிகள் இங்கேயே வந்து பேரம் பேசினார்கள். குழந்தைவேல் மடிக்கணினியை இலைக்குப் பக்கத்தில் வைத்து ஆபீஸ் வேலை பார்த்தார். அவருக்கு எழ வரவில்லை என்பது பெங்களூரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதுதான் எங்கள் ஊர். எதுவாக இருந்தாலும் ஒரு நாள் வாய் பிளந்து பார்ப்போம், மறுநாள் அதற்குப் பார்க்கிங் எங்கே என்று கேட்போம்.

வேலாத்தாளுக்கு மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சம்பந்தி அருணகிரி உடுமலையிலிருந்து நேரிலேயே வந்தார். மரியாதையான மனுஷர், கயிற்றுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்க. பொண்ணைத் தாரை வார்த்துக் குடுக்கறப்ப பெத்தவங்க ரெண்டு பேரும் நிக்கோணும், மாமன் நின்னு சீரு செய்யோணும். உக்காந்துட்டு குடுத்த பொண்ணுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாதில்லீங்க? வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கு எந்திரிச்சு வந்துட்டீங்கன்னா ஒண்ணுமில்லை. இல்லைன்னா நாங்க வேற யோசிக்க வேண்டியிருக்குமுங்க.”

அவர் போன பிறகு வேலாத்தாள் அழுதாள். எச்சில் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், முந்தானையை இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தக் குளிர்ந்த ஹாலில் அத்தனை பேர் பார்க்க அழுதாள். மகளுடைய கல்யாணத்தில் நிற்க முடியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது அவளுக்கு, அதைவிட, நிற்க முடியாததால் கல்யாணமே இல்லாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது.

அழுகையைத் தேற்றத்தான் குழந்தைவேல் பழைய பேச்சை எடுத்தார். “அப்பா இருந்திருந்தா இப்ப என்ன சொல்லுவாரு? ‘ஒருத்தன் எந்திரிக்கப்படாது’ம்பாரு.”

அது அவர்களுடைய அப்பா போட்ட சட்டம். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது, நடுவில் எழுந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரை அவமானப்படுத்திய மாதிரி என்பார், எழுந்தவன் முதுகில் ஒன்று வைக்கவும் தயங்கமாட்டார். ஆளுக்கொரு வட்டிலில் சோளச்சோறு, நடுவில் குழி பறித்துக் கொள்ளுப் பருப்பு, மழை வந்த வருஷமாக இருந்தால் நெய். நாச்சிமுத்து விளையாட ஓட வேண்டும் என்று அவசரமாக விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். அது தெரிந்தே குழந்தைவேல் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நெய் யாருக்கு அதிகம் விழுந்தது என்பதில் நாற்பது வருஷம் கழித்தும் அவர்களுக்குள் தகராறு தீரவில்லை, அந்த ஹாலிலேயே கொஞ்சம் குரல் உயர்ந்தது.

பேசிக்கொண்டே வந்தபோதுதான் நாச்சிமுத்துவுக்கு அது தோன்றியது. “அப்படின்னா யாரோ ஒருத்தர் இன்னும் சாப்பிட்டு முடிக்கலை.”

சொன்னதும் எல்லோருக்கும் அதுதான் சரி என்று பட்டது, மோகனசுந்தரம்கூட அதை ஆமோதித்தார். உடனே போன் போட்டு, அந்தத் தோட்டத்துப் பந்தியில் என்றைக்காவது உட்கார்ந்தவர்களை எல்லாம் வரவழைத்தார்கள். திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன் வந்தார், சிறு வயதில் லீவுக்கு வந்து தங்கியவர். ஒரு வருஷம் அந்த வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாத்தியார் வந்தார், மோட்டார் ரிப்பேருக்கு வந்தபோதெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போன மெக்கானிக் வந்தார். எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், எழுந்து போய்விட்டார்கள். இறந்துபோன அப்பாவுக்கு ஓர் இலையும், இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர், செத்துப்போன அண்ணன் பொன்னுசாமிக்கு ஓர் இலையும் போட்டு, சோறு வைத்து, காத்திருந்தார்கள். சோறு ஆறிப்போனது, அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் வந்துவிட்டது. நம்பிக்கை போய், பேச்சும் போய், வேலாத்தாள் எதிரே இருந்த இலையைப் பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ வாளியும் கரண்டியுமாக நடக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, என்ன செய்கிறோம் என்று யோசிக்கவும் இல்லை, இலையை இரண்டு விரலால் சற்று நகர்த்தி, “அண்ணி, ரசம்” என்றாள்.

பரிமாற வந்தவர் ஒடிசாக்காரர், அவர் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி என்றால் தெய்வாத்தாள், மூத்த அண்ணன் பொன்னுசாமியின் மனைவி. அம்மா இல்லாத அந்த வீட்டுக்குப் பதினேழு வயதில் மருமகளாக வந்தவள், வந்த அன்று பிடித்த கரண்டியை, தோட்டம் விற்கிற வரைக்கும் கீழே வைக்காதவள். பொன்னுசாமி போய்ச் சேர்ந்து, அவளுக்குப் பிள்ளையும் இல்லாமல் போய், நிலத்தை விற்ற வாரத்தில், இனி எங்கே இருப்பாள் என்று பேச்சு வந்தபோது, கரட்டுப்பாளையத்தில் அவளுடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. யாழினி கல்யாணப் பத்திரிகையைக்கூட வேலாத்தாள் தபாலில்தான் அனுப்பியிருந்தாள்.

“அண்ணி சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களாண்ணா?” என்று கேட்டாள் வேலாத்தாள்.

நாச்சிமுத்து யோசித்தார். சோளச்சோற்றின் சூடு ஞாபகம் இருந்தது, கொள்ளுப் பருப்பில் கிடந்த பூண்டு ஞாபகம் இருந்தது, வாத்தியார் எத்தனை தடவை மோர் வாங்கினார் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அண்ணியுடைய கை ஞாபகம் இருந்தது, வட்டிலுக்கு மேலே வந்து போகிற கை. அந்தக் கை வாய்க்குப் போய் அவர் பார்த்ததே இல்லை.

“நாம எந்திரிச்சதுக்கு அப்புறம் சாப்பிட்டிருக்கும்” என்றார்.

“கடைசி ஆள் முடிக்காம எந்திரிக்கப்படாதுன்னுதானே சட்டம்? நாம தெனமும் எந்திரிச்சிருக்கறோம்” என்றாள் வேலாத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், தன் தேவைக்காக அந்த வெட்கம் வந்திருக்கிறது என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

போன் போட்டாள். தெய்வாத்தாளின் தங்கை எடுத்து அவளிடம் கொடுத்தாள். விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள் வேலாத்தாள். தெய்வாத்தாள் ஆச்சரியப்படவில்லை, கோபப்படவும் இல்லை, “அப்படியா கண்ணு” என்றாள். பிறகு, “இன்னிக்கு இங்க மாவாட்டோணும், காலையில மொத பஸ்ஸுக்கு வந்தர்றேன்” என்றாள். கார் அனுப்புகிறேன் என்றதற்கு, வாந்தி வரும், வேண்டாம் என்றுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ் தாமதமாக வந்தது. முகூர்த்தம் பத்தரைக்குள். மண்டபம் ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. சம்பந்தி அருணகிரி வேனை ஹோட்டல் வாசலிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். தெய்வாத்தாள் மஞ்சள் பையோடு இறங்கிவந்து, கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து, மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“எலையில ஒண்ணுமே இல்லியே” என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஹோட்டல் சமையல்கட்டுக்குள் போய், இட்லித் தட்டோடும் சட்டினி வாளியோடும் வந்து, மூன்று இலையிலும் வைக்க ஆரம்பித்தாள்.

“நீங்க உக்காருங்க அண்ணி.”

“நீங்க சாப்பிடுங்க. நா அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.”

அந்த வார்த்தையை அவர்கள் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறார்கள், அது ஒரு வார்த்தை என்றே அவர்களுக்குத் தெரியாத அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள். வேலாத்தாள் எச்சில் கையாலேயே அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள், உட்கார்ந்தவள் நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

“என்ன சாப்பிடறீங்க அண்ணி? உங்களுக்கு என்ன வேணும்?”

தெய்வாத்தாள் தெரியாத கணக்கு ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி விழித்தாள். மோகனசுந்தரம் வந்து, கம்மங்கூழ் இருக்கிறது, ராகிக் களி இருக்கிறது, அந்தக் காலத்துச் சோளச்சோறு சுடச்சுட இருக்கிறது, கொள்ளுப் பருப்பு இருக்கிறது என்று அடுக்கினார். தெய்வாத்தாள் முகத்தைச் சுளித்தாள்.

“அதெல்லாம் ஆக்கி ஆக்கிப் பாத்தாச்சுங்க. பஸ் ஸ்டாண்டுல வண்டியில போடுவாங்களே, செகப்பா, பூக்கோசு. வாசம் வரும். அது பேரு என்னங்க?”

“கோபி மஞ்சூரியனுங்களா?”

“அதுதான். போறப்ப வர்றப்பெல்லாம் பாப்பேன்.”

மோகனசுந்தரத்தின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஹோட்டலில் அந்தப் பண்டத்தின் பெயரைச் சொல்லவே கூடாது, இங்கே எல்லாம் தோட்டத்து உணவு என்று வாசலில் போர்டு வைத்தவர் அவர். பஸ் ஸ்டாண்ட் வண்டிக்காரர் சாயங்காலம்தான் கடை போடுவார். மோகனசுந்தரம் தானே ஸ்கூட்டரில் போய் அவரை எழுப்பி, கெஞ்சி, அடுப்பு பற்றவைத்து, பொரிக்கவைத்து, பொட்டலம் கட்டி வாங்கிவந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

தெய்வாத்தாள் சாப்பிட ஆரம்பித்தாள். முதல் துண்டை வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது, காரம்தான். மெதுவாகச் சாப்பிட்டாள், அவசரம் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் மெதுவாகச் சாப்பிட்டாள், விரலில் ஒட்டிய சிவப்பை ஒவ்வொரு முறையும் பார்த்து நக்கினாள். ஹாலில் மற்ற மேஜைக்காரர்கள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தட்டு காலியானது.

“போதுமாங்க அண்ணி?” என்று கேட்டாள் வேலாத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது அவளுக்கு.

தெய்வாத்தாள் தட்டைப் பார்த்தாள், வேலாத்தாளைப் பார்த்தாள். “பத்தலை அம்மிணி” என்றாள்.

சோறு குறைந்த வருஷங்கள் அந்த வீட்டில் இருந்தன, விருந்தாளிகள் சொல்லாமல் வந்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் எல்லாம் யாருக்குப் பத்தாமல் போயிருக்கும் என்பது வேலாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அருணகிரி உள்ளே வந்தார். “இப்பப் பொறப்பட்டாத்தானுங்க. முகூர்த்தம் போயிருமுங்க.”

“எங்க அண்ணி சாப்பிட்டுட்டு இருக்காங்க” என்றாள் வேலாத்தாள். “ஒருத்தர் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப எந்திரிக்கற பழக்கம் எங்க வீட்ல இல்லீங்க. முகூர்த்தம் போனாப் போகட்டும்.” பிறகு மோகனசுந்தரத்திடம், “இன்னொண்ணு வாங்கிட்டு வந்தர்றீங்களா?” என்றாள்.

அருணகிரி கோபித்துக்கொண்டு வேனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அங்கே யாழினி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நானும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று மணவறையில் உட்கார்ந்துகொண்டாள், மாப்பிள்ளையும் எழவில்லை. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி மத்தியானத்துக்கு மேல் ஒரு நல்ல நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க, கல்யாணம் அதில் நடந்தது. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் வேலாத்தாளுக்கு அது எதுவும் தெரியாது, வேனின் சத்தம் தூரமாகப் போய் மறைந்தது மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது பொட்டலம் வந்தது. தெய்வாத்தாள் நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்து, பிரித்தாள். அவளுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர்ச் செம்பு மேஜையின் அந்தப் பக்கம் இருந்தது, நாச்சிமுத்து அதை எடுத்துத் தம்ளரில் ஊற்றி அவள் பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான், தான் எழுந்து நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

“வேலாத்தா! எந்திரிக்க வந்துருச்சு!” என்றார். குழந்தைவேல் மேஜைக்கு அடியில் காலை ஊன்றிப் பார்த்தார். வேலாத்தாள் பார்க்கவில்லை, எழ வரும் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் முன்னாலேயே தெரியும்.

“உக்காருங்கண்ணா” என்றாள். “அண்ணி சாப்பிடறாங்க.”

நாச்சிமுத்து உட்கார்ந்தார்.